படிப்பது தமிழில், அமுக்குவது ஆங்கிலத்தில்

பாரம்பரிய நெல் விதை விற்கும் ஒரு சின்னக் குழுவுக்குப் போன மாதம் இணையதளம் செய்து கொடுத்தேன். தமிழ், ஆங்கிலம் என இரண்டு மொழி. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார் என்று ஒவ்வொரு ரகத்தைப் பற்றியும் குழுவில் உள்ள அக்கா ஒருவர் தானே உட்கார்ந்து எழுதினார். அவ்வளவு நல்ல தமிழ். தளத்தைத் திறந்து பார்த்துவிட்டு போன் செய்தார். "தம்பி, படிக்கிறதெல்லாம் தமிழ்ல இருக்கு. அமுக்குறது மட்டும் ஏன் இங்கிலீஷ்ல இருக்கு?"

'ரீட் மோர்', 'சர்ச்', 'சப்மிட்' மூன்றும் தமிழ்ப் பக்கத்திலும் ஆங்கிலத்திலேயே நின்றன. அவர் கேட்டது எனக்கு உறைத்தது. முழுப் பக்கத்தையும் படித்து முடித்து, வாங்கலாம் என்று மனதுக்குள் முடிவு செய்த ஒருவர் கை வைக்கப் போகும் இடம் அந்தப் பொத்தான். அங்கே போய் அவரைத் தயங்க வைத்தால், மேலே எழுதிய அத்தனை தமிழும் யாருக்காக?

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தளம் உருவாக்க உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் நாம் எழுதும் கட்டுரை தரவுத்தளத்தில் இருக்கிறது. பாலிலாங் போன்ற செருகுநிரல் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்) அதற்குத் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ள உதவுகிறது. பொத்தானின் சொல் அப்படி இல்லை. அது தீமின், அதாவது தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வார்ப்புருவின், நிரலுக்குள் இருக்கிறது. ஒழுங்காக எழுதிய தீம் என்றால் அந்தச் சொல் கெட்டெக்ஸ்ட் முறையில், அதாவது நிரலில் உள்ள சொற்களைத் தனிக் கோப்பில் மொழிபெயர்க்க விடும் முறையில், வந்திருக்கும். 1995-லேயே க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம் இதற்கு ஒரு கருவி வெளியிட்டது, இன்றும் அதே வழிதான். லோகோ டிரான்ஸ்லேட் செருகுநிரலிலோ பொயெடிட் என்ற மென்பொருளிலோ, சொற்களின் மொழிபெயர்ப்புப் பட்டியலான பி.ஓ கோப்பைத் திறந்து ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே தமிழை எழுதிச் சேமித்தால், தளம் படிக்கும் எம்.ஓ கோப்பு உருவாகிவிடும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அந்தக் கோப்பைத் தீமின் சொந்தக் கோப்புறையில் வைக்காதீர்கள். தீமைப் புதுப்பிக்கும்போது அழிந்துவிடும். எனக்கு ஒருமுறை இரண்டு நாள் உழைப்பு அப்படிப் போனது. லோகோவில் அதற்கென்றே தனி இடம் இருக்கிறது, அங்கே சேமியுங்கள்.

கஸ்டமைசரில் (தளத்தின் தோற்றத்தை மாற்றும் அமைப்புத் திரை) நாமே தட்டச்சு செய்த பொத்தான் சொற்களுக்கு இந்த வழி உதவாது. அவை தரவுத்தளத்தில் ஒரே ஒரு மதிப்பாகக் கிடக்கும். பாலிலாங்கின் மொழிபெயர்ப்புகள் பக்கத்தில் அவை தெரிந்தால் அங்கேயே மாற்றிவிடலாம். தெரியாவிட்டால் சைல்டு தீமில் (மூலத் தீமைத் தொடாமல் நம் மாற்றங்களை மட்டும் வைக்கும் துணைத் தீம்) அந்தச் சரத்தை, அதாவது சொல்தொடரை, நாம்தான் பதிவு செய்ய வேண்டும்.

சரி, வழி கிடைத்துவிட்டது. அப்புறம்தான் உண்மையான வேலை. என்ன எழுதுவது?

பி.ஓ கோப்பில் சொல் தனியாக நிற்கும், அது எங்கே வருகிறது என்று தெரியாது. 'ஹோம்' என்பதை 'வீடு' என்று போட்ட தளங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது முகப்பு. 'புக்' என்றால் புத்தகமா, முன்பதிவா? இதற்காகவே, சொல்லோடு சூழலையும் சேர்த்துக் குறிக்க கெட்டெக்ஸ்ட்டில் வசதி உண்டு. தீம் எழுதுகிறவர்கள் அதைக் கொஞ்சம் மெனக்கெட்டுப் பயன்படுத்தினால் எத்தனையோ மொழிக்காரர்களுக்கு நிம்மதி. 'இவர் எழுதியது' என்று பொருள்படும் 'பை' (by) என்ற ஆங்கிலச் சொல்லையும் எழுதியவர் பெயரையும் தனித்தனியாக ஒட்டி வைத்திருக்கும் தீம்களை என்ன செய்வது? தமிழில் பெயர் முன்னால் வர வேண்டும். முழுத் தொடரையும் ஒரே சரமாக, பெயருக்கு இடம் விட்டு எழுதியிருந்தால் நாம் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது மரியாதை. 'தேடு' என்றால் அதட்டுவது போல இருக்கிறது. 'தேடவும்' அலுவலக அறிவிப்பு. 'தேடுங்கள்' இதமாக இருக்கிறது, ஆனால் சின்னப் பொத்தானில் அடங்காது. எனக்குப் பிடித்தது 'தேட', 'மேலும் படிக்க', 'பதிவு செய்ய' என்ற வடிவம். தளம் யாருக்கும் ஆணையிடவில்லை. வந்தவர் என்ன செய்ய நினைக்கிறாரோ அதைச் சொல்கிறது. 'விதை வாங்க' என்று வைத்தபோது அக்காவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "வாங்க வாங்கன்னு கூப்பிடுற மாதிரியும் இருக்கு தம்பி" என்றார்.

வடிவமைப்பையும் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் 'ரீ'யின் மேற்சுழியும் 'டு'வின் கீழ்ப்பகுதியும் வெட்டுப்பட்டன. அகலத்தை நிலையாக வைக்காமல் சொல்லுக்கு ஏற்ப விரிய விட்டேன், வரி உயரத்தைக் கூட்டினேன். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விடும் அமைப்பைத் தமிழுக்கு நீக்கிவிட்டேன். அது தமிழ்ச் சொல்லைத் துண்டு துண்டாகக் காட்டுகிறது.

இன்னும் ஒன்று பாக்கி. பூதக்கண்ணாடிப் படம் மட்டும் உள்ள தேடல் பொத்தானில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெயர் இருக்கிறது. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். எங்கள் தீமில் அந்தப் பெயரை நிரலுக்குள் ஆங்கிலத்திலேயே நேரடியாக எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போதைக்குச் சைல்டு தீமில் 'தேட' என்று மாற்றியிருக்கிறேன். அதைக் கெட்டெக்ஸ்ட் வழியே தரும்படி, திருத்திய வரிகளையும் இணைத்து, தீம் செய்தவர்களுக்கு நேற்று எழுதினேன்.