ஸ்னோமொபைல் வீல் பேரிங் படுத்துற பாடு
ஸ்னோமொபைலுக்கு, அதான் பனி மேல ஓடற வண்டிக்கு, பின்னாடி சஸ்பென்ஷன்ல இருக்கற சின்ன வீலுங்களோட பேரிங் தொல்லை தாங்க முடியலங்க. பனித்தண்ணி சீலுக்குள்ள போய் துருப்பிடிச்சு கரகரன்னு சத்தம், அப்படியே விட்டா வீல் இறுகிப்போய், வண்டிய நகத்தற ரப்பர் பெல்ட்டான ட்ராக்கோட உள்பக்கத்தையே தேச்சுடுது. கடையில கேட்டா வீலையே முழுசா மாத்துங்கறாங்க, ஏங்க, என் வண்டில இருக்கறது சாதாரண 6205 சைஸ் பேரிங், உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, எந்த பேரிங் கடையிலயும் கிடைக்கும், பேரிங்கை பிடிச்சு வெச்சிருக்கற ஸ்னாப் ரிங்கை கழட்டிட்டு தட்டினா வந்துடும்!

இதுல கனடா ஒன்டாரியோல பனி கம்மியான வருஷம்னா வண்டி ஓட்டற பாதை பூரா ஐஸ், சஸ்பென்ஷனோட நீளமான ரெயில் சட்டத்துக்கு அடியில ட்ராக் உரசி ஓடறதுக்குன்னு உள்ள பிளாஸ்டிக் ஸ்லைடருக்கு தூள் பனிதான் குளிர்ச்சி, அது இல்லாம சூடேறி உருகிடுது. ஸ்லைடர் மேல பாரம் குறையட்டும்னு எக்ஸ்ட்ரா வீல் ஒரு ஜோடி போட்டா மாத்த வேண்டிய பேரிங் இன்னும் ரெண்டு கூடுது. வண்டி கம்பெனிக்காரங்களே, சஸ்பென்ஷன் ஷாஃப்ட்டுக்காவது கிரீஸ் அடிக்கற நிப்பிள் வெச்சு குடுங்கய்யா, நாங்களே ட்ரில் போட வேண்டியிருக்கு.