‘வெட்’ என்னும் சொல்லின் மூன்று முகங்கள்

‘வெட்’ (vet) என்ற ஆங்கிலக் குறுஞ்சொல்லைப் பற்றி அண்மையில் ஒரு கட்டுரை படித்தேன். அது கால்நடை மருத்துவரையும் முன்னாள் படைவீரரையும் குறிக்கும் என்று கட்டுரையாளர் சொல்வது சரியே. ஆனால் ‘ஒருவரைத் தீர விசாரித்தல்’ என்ற வினைப்பொருளை இவற்றோடு தொடர்பில்லாத தனிச்சொல்லாக அவர் எண்ணியது பொருந்தவில்லை. கால்நடை மருத்துவம் சார்ந்த ‘வெட்டரினரி’ என்ற நெடுஞ்சொல் 19ஆம் நூற்றாண்டில் பேச்சுவழக்கில் குறுகி மருத்துவரின் பெயரானது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள், விலங்குக்கு மருத்துவம் பார்ப்பதைக் குறிக்கும் வினையாகவும் வளர்ந்தது. பந்தயத்துக்கு முன் குதிரையின் உடல்நிலையை மருத்துவர் சோதித்துத் தகுதி சொல்வதைப் போல, பதவிக்கு வருபவரின் பின்னணியைத் துருவிப் பார்ப்பதற்கும் அதே வினை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பயன்படலாயிற்று. இன்று அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்குமுன் நடக்கும் ‘வெட்டிங்’ குதிரை லாயத்திலிருந்து வந்தது என்பதை அவ்வேட்பாளர்கள் எவ்வளவு ரசிப்பார்களோ தெரியாது!

படைவீரரைக் குறிக்கும் ‘வெட்’ மட்டுமே ‘வெட்டரன்’ என்பதன் சுருக்கம். முதுமையைச் சுட்டும் ‘வெட்டுஸ்’ என்ற இலத்தீன் சொல்லே அதன் வேர். அமெரிக்காவில் ‘வியட்நாம் வெட்’ என்றால் வியட்நாம் போரில் பணியாற்றியவர் என்பது எவருக்கும் விளங்கும். பிரிட்டனிலோ அடைமொழி ஏதுமின்றி ‘வெட்’ என்றால் நாய்க்கும் பசுவுக்கும் ஊசி போடுபவரே நினைவுக்கு வருவார். எனவே மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டுமுன், அந்த வாக்கியம் எந்த நாட்டில் எழுதப்பட்டது என்று பார்ப்பது நல்லது. வினையாக வருமிடத்தில் ‘பின்னணி ஆய்வு’ என்று தமிழில் எழுதலாம்; ‘சரிபார்ப்பு’ என்பது அங்கே சற்று மெலிந்த சொல்லாகவே எனக்குப் படுகிறது.