சுவர் கட்டுமுன் தண்ணீரைத் தேடுங்கள்

மலைச்சரிவு இடிந்த மறுநாளே "தடுப்புச் சுவர் எப்போது வரும்?" என்று கேட்கிறார்கள். மண்ணுக்குள் என்ன நடந்தது என்று கேட்பவர் குறைவு. எனக்கு ஆதங்கமே அதில்தான்.

மழை மண்ணின் எடையைக் கூட்டுகிறது, சரி. ஆனால் பெரிய ஆபத்து மண் துகள்களுக்கு நடுவே ஏறும் நீரழுத்தம். துகள்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால்தான் அவற்றுக்குள் பிடிமானம். நீரழுத்தம் ஏற ஏற அந்தப் பிடி தளர்கிறது. மண் பொறியியலுக்கு அடித்தளம் போட்ட கார்ல் டெர்சாகி இதை 1920களிலேயே விளக்கிவிட்டார். அப்படியிருக்க, நீர் வெளியேற வழியில்லாமல் எழுப்பும் சுவர், அணையாக மாறி அழுத்தத்தைப் பின்னால் தேக்கி வைக்கிறது. கசிவுத் துளைகள் முழுக்க மண்ணடைத்துப்போய், வயிறு தள்ளி நின்ற சுவரை நானே பார்த்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் இன்னொரு சுவர் கட்டலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

சுவர் கட்டுமுன் மண்ணையும் நீரையும் ஆராய்வது என்றாலே பெருஞ்செலவு என்பதும் சரியல்ல. வேல்ஸ் நாட்டின் அபெர்ஃபானில் 1966 அக்டோபர் 21 அன்று நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடு சரிந்து 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் குழந்தைகள். மேட்டை ஊற்றின் மேலேயே கொட்டியிருந்தார்கள். அந்த ஊற்று பழைய நில அளவை வரைபடங்களிலேயே இருந்தது. வரைபடத்தை விரித்துப் பார்க்க எவ்வளவு செலவாகியிருக்கும்? இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் மனசு கனத்துப்போகிறது.

துளையிட்டுக் கருவி வைப்பதிலும் கவனம் வேண்டும். மண்ணுக்குள் நடக்கும் நகர்வை அளக்கும் சாய்வுமானிக் குழாயின் அடிப்பகுதி, மண் வழுக்கும் பரப்பையும் தாண்டி, அசையாத நிலத்தில் ஊன்றியிருக்க வேண்டும். ஆழம் போதாவிட்டால் குழாயும் சரிவோடு சேர்ந்தே நகரும். கருவியோ அசைவே இல்லை என்று காட்டும். கோடையில் மட்டும் எடுத்த நிலத்தடி நீர்மட்ட அளவையும் நம்பி வடிவமைக்க முடியாது. ஒரு மழைக்காலமாவது பார்க்க வேண்டும்.

சீரமைப்பில் நான் அடிக்கடி காணும் தவறு, சாலையில் குவிந்த மண்ணை உடனே வாரி எடுப்பது. பல சரிவுகளில் அந்தக் குவியல்தான் மேலே மிச்சமிருக்கும் மண்ணுக்கு முட்டு. போக்குவரத்து அவசரம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் முதலில் மேலே உள்ள விரிசல்களை மூடி, ஓடிவரும் நீரைத் திருப்பிவிட்டு, அப்புறம் கீழே கைவைக்க வேண்டும்.

ஹாங்காங்கின் சாவ் மாவ் பிங்கில் 1972இல் மண் கொட்டி உயர்த்திய சரிவு இடிந்தது. 1976இல் அதே பகுதியில் மீண்டும் உயிர்கள் போயின. இறுக்காமல் கொட்டிய மண் மழைநீரை உள்ளே வாங்கிக்கொண்டதே சிக்கல். மேல்மண்ணைத் தோண்டியெடுத்து, இறுக்கி நிரப்பி, வடிகால் வைக்க நிபுணர்கள் சொன்னார்கள். 1977இல் சரிவுகளுக்கென்றே ஓர் அரசுப் பிரிவு வந்தது.

வடிகால் போட்டதோடும் வேலை முடியாது. சரிவுக்குள் செருகும் வடிகுழாய்கள் சில ஆண்டுகளில் வண்டல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அவற்றைக் கழுவ யார் வருவார்கள், எந்தப் பணத்தில் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.