பக்கத்து வீட்டுக்காரரும் புகார் தரலாம்

"குழந்தைக்குப் பாலியல் தொல்லை என்றால் பெற்றோர் மட்டுமே புகார் தர முடியும், வேறு யாராவது சொன்னால் அவர்கள்மேலேயே வழக்கு வரும், குழந்தையையும் ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. முழுக்கத் தவறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் இந்தியாவின் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, சந்தேகம் இருந்தாலே யார் வேண்டுமானாலும் போலீசுக்குச் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது. தெரிந்தும் மறைப்பதுதான் குற்றம். 6 மாதம் வரை சிறை உண்டு.

ஸ்டேஷன் பயம்தான் பலருடைய வாயை அடைக்கிறது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். வரும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. இரவில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. சரி, நேரடியாகப் போகத் தயக்கமா? குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குப் பேசுங்கள், இலவசம், 24 மணி நேரமும் இயங்குகிறது.