14 வயதுப் பையனை யார் போருக்கு அனுப்பினார்கள்?

ஏப்ரல் 25, போரில் இறந்தவர்களை ஆஸ்திரேலியா நினைவுகூரும் அன்சாக் தினம் வந்தால் ஜிம் மார்ட்டினின் படம் கண்ணில் பட்டுவிடும். சீருடைக்குள் மீசை முளைக்காத முகம். கீழே "மாவீரன்" என்று நாலு பேர் எழுதியிருப்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

முதல் உலகப் போரில் இறந்த ஆஸ்திரேலிய வீரர்களில் மிக இளையவன் என்று அறியப்படுகிறவன் இவன். 1901 ஜனவரியில் டொகும்வாலில் பிறந்தவன், வீட்டில் ஒரே ஆண்பிள்ளை. பட்டாளத்தில் சேரப் போன அப்பாவை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் நான் போகிறேன் என்று பையன் கிளம்பிவிட்டான். விடாவிட்டால் வேறு பெயரில் சேர்ந்துவிடுவேன், கடிதமே போடமாட்டேன் என்று மிரட்டினான். அம்மா அமீலியா சம்மதக் கடிதம் கொடுத்தார். 1915 ஏப்ரல் 12 அன்று 18 வயது என்று சொல்லிச் சேர்ந்தான். உண்மையில் 14 வயது, 3 மாதம்.

பையன் பொய் சொன்னான், சரி. சேர்த்துக்கொண்டவர்கள் வயதுக்கு என்ன ஆதாரம் கேட்டார்கள்? ஒன்றும் இல்லை. ஆள் வளர்த்தியாக இருந்தானாம், குரலும் உடைந்திருந்ததாம். அது போதுமா? அதைவிட, 1911 முதலே 12 வயதுப் பையன்களுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சி கொடுத்த நாடு அது. ஜிம்மும் பள்ளியில் கேடட்தான், அதாவது அந்தப் பயிற்சி பெற்ற மாணவன். சின்ன வயதிலேயே அணிவகுக்க வைத்துவிட்டு, போருக்குப் போக ஆசைப்பட்டது அவன் துணிச்சல் என்பது என்ன நியாயம்?

அமீலியாவைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. எப்படியும் போகத்தான் போகிறான், கடிதமாவது வரட்டும் என்றுதானே அந்தத் தாய் இறங்கிவந்தார்? பையனும் சொன்னபடி எழுதினான். ஆனால் வீட்டுக் கடிதம் எதுவும் அவன் கைக்குப் போய்ச் சேரவில்லை. ஊரை விட்டு வந்ததிலிருந்து ஒன்றுகூட வரவில்லை என்று அக்டோபர் 9 தேதியிட்ட கடிதத்தில் கேட்டிருக்கிறான். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறான்.

துருக்கியில் இருந்த போர்க்களமான கலிப்போலிக்குப் போகும் வழியிலேயே, செப்டம்பர் 2 அன்று, அவன் ஏறியிருந்த சௌத்லாண்ட் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. சுமார் நான்கு மணி நேரம் கடலில் கிடந்தவனைக் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகும் 21ஆவது பட்டாலியனோடு பதுங்குகுழிக்குத்தான் அனுப்பினார்கள். அங்கே அவனைக் கொன்றது துப்பாக்கிக் குண்டு அல்ல, டைபாய்டு. குளிர், ஈ, அழுக்குத் தண்ணீர், அரைகுறைச் சாப்பாடு. காய்ச்சலோடு பல நாள் குழியிலேயே இருந்திருக்கிறான். அக்டோபர் 25 அன்று கிளெனார்ட் காசில் மருத்துவமனைக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். அன்று மாலையே இதயம் நின்றுவிட்டது. உடலைக் கடலில் அடக்கம் செய்தார்கள். கலிப்போலியின் லோன் பைன் நினைவகத்தில் பெயர் மட்டும் இருக்கிறது.

அதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்திரேலிய ராணுவத்தில் பெற்றோர் சம்மதித்தால் இன்றும் 17 வயதில் சேரலாம். 18 ஆகும்வரை களத்துக்கு அனுப்பமாட்டோம் என்கிறார்கள். இப்போது பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள், அந்த மட்டில் முன்னேற்றம்தான்.