ஆள் தெரியாமல் போய்வர இது என்ன சென்னையா?

மிஸ்ட்ரி ஷாப்பர் வேலை, அதாவது சாதாரண வாடிக்கையாளர் போலக் கடைக்குப் போய், அங்கே எப்படிக் கவனிக்கிறார்கள் என்று ரகசியமாக ரிப்போர்ட் எழுதுகிற வேலை என்றதும் பலருக்கும் ஒரு நினைப்பு: ஓசியில் பொருள், ஓசியில் சாப்பாடு, போதாததற்குச் சம்பளமும் என்று. வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள். முதலில் கைக்காசு போட்டு நான்தான் வாங்க வேண்டும். பில்லும் போட்டோவும் ரிப்போர்ட்டும் ஏற்றி, என்னை அனுப்பும் ஏஜென்சி அதை ஒத்துக்கொண்டு, 45 நாள், 60 நாள் என்று இழுத்தடித்த பிறகுதான் பணம் வரும். அதிலும் 10 சதவீதம் டிடிஎஸ் என்று வருமான வரிப் பிடித்தம். கூலியில் பிடித்தால் சரி, போகட்டும். பொருள் வாங்க நான் போட்ட சொந்தப் பணத்தையும் என் வருமானமாகக் காட்டி அதிலும் பிடிக்கிறார்கள்! என் காசையே திரும்ப வாங்க நான் வரிக் கணக்குத் தாக்கல் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டுமாம்.

கூலி 300 ரூபாய். கடைக்குள் நிற்பது 20 நிமிடம்தானே என்பது அவர்கள் கணக்கு. நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம் போக சுமார் 30 கிலோமீட்டர். மழை நாளில் தக்கலையைத் தாண்டுவதற்குள் பாதி உயிர் போய்விடும். பில் 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் போட்டிருக்க வேண்டும் என்பது விதி. 1.04 என்று இருந்த பில்லுக்காக முழு ரிப்போர்ட்டையும் தள்ளிவிட்டார்கள். கூலியும் போச்சு, பொருளின் காசும் போச்சு. யாருக்கும் வேண்டாத ஆண்கள் பெல்ட் ஒன்று வீட்டில் கிடக்கிறது. பஸ் காசு கேட்டால், "எல்லாம் ஃபீஸ்லயே அடக்கம் மேடம்."

இதில் பெரிய கூத்து, ஆள் தெரியக்கூடாது என்பதுதான். நாகர்கோவில் வேப்பமூட்டுப் பக்கம் ஒரு கடையில் கால் வைத்தால், "வாங்கக்கா, அம்மைக்க மூட்டுவலி இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்கிற ஊர் இது. ரிப்போர்ட்டில் ஒரு கேள்வி: ஊழியர் உங்களுக்கு அறிமுகமானவரா? ஆம் என்றால் ரிப்போர்ட் செல்லாது. இன்னொரு கேள்வி: நிறுவனம் சொல்லிக்கொடுத்த வரவேற்பு வாசகத்தை அப்படியே சொன்னாரா? என் அம்மாவை விசாரித்ததற்கு மார்க் கிடையாது, பூஜ்யம். பேட்ஜ் குத்தாத பையனின் பெயரை அவனுக்குச் சந்தேகம் வராமல் தெரிந்துகொண்டு வேறு வர வேண்டும்.

பெட்ரோல் பங்க் என்றால் இன்னும் மோசம். 5 லிட்டர் அளவுக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்ல வேண்டும். கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஸ்கூட்டிக்கு 100 ரூபாய்க்குப் போட வந்தவள் அதைக் கேட்டால் மேனேஜர் அறையில் இருந்து ஓடியே வந்துவிடுகிறார். "எந்தக் கம்பெனி ஆடிட் மேடம்? டீ சொல்லட்டுமா?" அதன் பிறகு என்ன ரகசியம்?

எனக்கு உண்மையிலேயே கொதிப்பது ஒரே ஒரு கேள்வியில்தான். நீங்கள் நுழைந்தபோது விற்பனைப் பெண் நின்றுகொண்டிருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா? உட்கார்ந்திருந்தால் மார்க் குறையும். கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று கேரளம் 2018-லேயே சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-ல் திருத்தியது. எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் சட்டம், இந்தப் பக்கமும் சட்டம். என் படிவத்தில் மட்டும் அது இல்லை. கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் ஸ்டூலில் கொஞ்சம் சாய்ந்த பிள்ளையை நான் போட்டுக்கொடுக்க வேண்டுமாம், 300 ரூபாய்க்கு. அந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் 'நின்றிருந்தார்' என்றுதான் டிக் போடுகிறேன். ஏஜென்சிக்காரர்கள் படித்தாலும் கவலையில்லை.

இப்போது மறுபடியும் போன்: குலசேகரத்தில் ஒரு கடை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ரிப்போர்ட் அன்று ராத்திரிக்குள். பழைய பாக்கியைத் தீர்த்து, பஸ் காசைத் தனியாக எழுத்தில் தாருங்கள், போகிறேன். இல்லையென்றால் நீங்களே வண்டி ஏறி வந்து அந்தக் கடையில் பெல்ட் வாங்கிக்கொள்ளுங்கள்.