ஒரு கோளுக்கு ஒரு மதம்தானா?

விண்வெளித் தொடர்களில் எனக்குச் சலித்துப்போன கதை ஒன்று உண்டு. கப்பல் ஏதோ ஒரு கோளில் இறங்கும். அங்குள்ள மக்கள் எதையோ விழுந்து கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நம் ஆட்கள் உள்ளே புகுந்து பார்த்தால், அந்தத் தெய்வம் ஒரு பழைய கணினியாக இருக்கும். இல்லையென்றால் கருவிகளை வைத்துக்கொண்டு மிரட்டும் வேற்றுக்கோள்வாசியாக இருக்கும். குட்டு வெளிப்படும், மக்கள் திகைப்பார்கள், கப்பல் கிளம்பிவிடும். 1967-இல் ஸ்டார் ட்ரெக்கில் கிரேக்கத் தெய்வம் அப்பல்லோவே இப்படித்தான் வந்து போனார். 1989-இல் அதன் அடுத்த தலைமுறைத் தொடரில் கேப்டன் பிக்கார்டையே ஒரு கோளின் மக்கள் கடவுள் என்று நம்பிவிட, தானும் சாகிறவன்தான் என்று நிரூபிக்க அவர் அம்படி படவேண்டியதாயிற்று. 1997-இல் தொடங்கிய ஸ்டார்கேட் எஸ்ஜி-1 பத்து ஆண்டுகள் இதையே தொழிலாக வைத்திருந்தது. எகிப்தியத் தெய்வங்களின் பெயரைச் சூட்டிக்கொண்டு, மனித உடலுக்குள் புகுந்து வாழும் பாம்பு போன்ற ஒட்டுண்ணிகள்! பார்க்க விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. பார்த்து முடித்தால் யோசிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இந்தச் சலிப்பு தமிழர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். இதைவிடக் காரமாகப் பொதுக்கூட்ட மேடையில் கேட்டவர்கள் நாம். 1953-இல் பெரியார் பிள்ளையார் சிலைகளை உடைத்த நாட்டில் பிறந்தவனிடம், கல்லுக்குப் பின்னால் யாரும் இல்லை என்று புதுக் கண்டுபிடிப்புபோல் சொன்னால் எப்படி? சிலை உடைந்த பிறகும் தெருமுனைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைந்துகொண்டுதான் இருக்கிறது. அது ஏன் என்று கேட்க இந்தத் தொடர்களுக்குப் பொறுமை இல்லை. உண்மை தெரிந்த மறுநிமிடம் பக்தன் எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான் என்று நினைக்கிறார்கள்.

நான் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். மீன்பிடித் தடைக்காலத்தில் எங்களுக்கும் வேலை குறைவு. ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரைக்கும் இப்படிப்பட்ட தொடர்களைப் பார்த்தே பொழுது போகும். தடை முடிந்து படகுகள் டோக்கன் வாங்கிக் கிளம்பத் தொடங்கினால், ஐஸ் ஏற்றுகிற சாக்கில் படகுக்குள் எட்டிப் பார்ப்பதுண்டு. எனக்கு அண்ணன் முறையான ஒரு டிரைவரின் படகில் சுக்கானுக்கு மேலே ஜி.பி.எஸ். திரை இருக்கிறது. பக்கத்தில் ஆழமும் மீன் கூட்டமும் காட்டும் எக்கோ சவுண்டர், அதன் மேல் வயர்லெஸ். மூன்றுக்கும் நடுவே, உப்புக்காற்றில் ஓரம் பழுத்துப்போன அந்தோணியார் படம். படத்தின் ஆணியிலேயே ஏர்வாடி தர்காவிலிருந்து கொண்டுவந்த கயிறு தொங்குகிறது. படகின் முன்முனையான அணியத்தில் மஞ்சளும் குங்குமமும். அண்ணன் காளியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறவர்.

"அந்தோணியார் எப்படி வந்தார் அண்ணே?" என்று கேட்டேன்.

"படகை வாங்கும்போதே இருந்தார் தம்பி. எஞ்சின், வலை, அவர் என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் விலை பேசினேன். அவரை மட்டும் எப்படி இறக்கிவிடுவது?"

அவரை நம்புகிறீர்களா என்று அடுத்து கேட்டது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். டீசலை நம்புகிறாயா என்று கேட்டதுபோல் என்னைப் பார்த்தார். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் பெயர் கொடுக்கும் காலம் வந்தால் முதல் ஆளாக நிற்கிறவர் அவர்.

இந்த மனிதரை எந்த விண்வெளித் தொடரிலும் நான் பார்த்ததில்லை. அங்கே ஒரு கோளுக்கு ஒரு மதம்தான். ஸ்டார் ட்ரெக்கின் பஜோர் கோள் என்றால் அத்தனை பேரும் தீர்க்கதரிசிகள் என்ற தெய்வங்களை வணங்குவார்கள். க்ளிங்கான் இனம் என்றால் அத்தனை பேருக்கும் கேலெஸ் என்ற ஆதி வீரன்தான். கோடிக்கணக்கான மக்கள், ஒரே வேதம், ஒரே அங்கி, ஒரே தலைமைக் குரு. ராமநாதபுரத்தில் ஏர்வாடி பஸ் ஏறினால் முதலில் திருப்புல்லாணிப் பெருமாள், அடுத்து கீழக்கரையின் பழைய பள்ளிவாசல், பிறகு ஏர்வாடி தர்கா. குழந்தை வரம் வேண்டித் திருப்புல்லாணியில் பாயசம் வாங்கிக் குடித்த தம்பதி அதே பஸ்ஸில் ஏர்வாடிக்கும் டிக்கெட் எடுப்பதை இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒளியின் வேகத்தைத் தாண்டும் கப்பலைக் கற்பனை செய்தவர்களுக்கு இந்த ஒரு பஸ் பயணத்தைக் கற்பனை செய்ய முடியவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

ஒரே ஒரு தொடர் இதைக் கிட்டத்தட்டப் பிடித்தது. பாபிலோன் 5. அதை உருவாக்கிய ஸ்ட்ரசின்ஸ்கி தன்னை நாத்திகர் என்றே சொல்லிக்கொள்பவர். 1994-இல் வந்த ஒரு பகுதியில், விண்வெளி நிலையத்தில் ஒவ்வோர் இனமும் தன் தலையாய நம்பிக்கையை மற்றவர்களுக்குக் காட்டவேண்டும். ஓர் இனம் குடித்துக் கூத்தடித்து விருந்து வைக்கிறது. இன்னோர் இனம் மணி ஒலிக்கப் பயபக்தியுடன் சடங்கு நடத்துகிறது. மனிதர்கள் முறை வரும்போது தளபதி சின்க்ளேர் மற்ற இனங்களின் தூதர்களை ஒரு கூடத்துக்கு அழைத்துப்போகிறார். அங்கே ஒரு நீண்ட வரிசை. முதலில் நிற்பவர் நாத்திகர். அவரில் தொடங்கி, அடுத்து கத்தோலிக்கர், பௌத்தர், முஸ்லிம், யூதர் என்று ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொண்டே போகிறார். கேமரா நகர்ந்துகொண்டே இருக்கிறது, வரிசை முடிவதாகக் காணோம். நாத்திகரை வெளியே நிறுத்தாமல் வரிசையின் தலையில் நிறுத்தியதற்காகவே அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒரு குறை மட்டும் உண்டு. அந்த வரிசையில் ஆளுக்கு ஓரிடம். எங்கள் டிரைவர் அண்ணன் அங்கே போயிருந்தால் மூன்று இடத்தில் நிற்கவேண்டியிருக்கும்.

அதே ஆண்டு அதே தொடரில் வந்த இன்னொரு பகுதி எளிதில் ஜீரணமாகாதது. ஒரு வேற்றுக்கோள் சிறுவனுக்கு நோய். அறுவை செய்தால் பிழைப்பான். பெற்றோரின் மதமோ, உடலைக் கீறினால் உயிர் வெளியேறிவிடும், பிறகு இருப்பது வெறும் கூடு என்கிறது. கெஞ்சியும் வாதாடியும் பார்த்த மருத்துவர் ஃபிராங்க்ளின் கடைசியில் அவர்களை மீறி அறுவை செய்துவிடுகிறார். பையன் பிழைக்கிறான், சிரிக்கிறான். பெற்றோர் அவனை அழைத்துப்போய், வெறும் கூடு என்று தாங்கள் நம்பும் அவன் உடலின் மூச்சைத் தங்கள் கையாலேயே நிறுத்திவிடுகிறார்கள். அவர்களை அரக்கர்களாகக் காட்டாமல், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களாகவே காட்டியதுதான் அதில் வயிற்றைப் பிசைகிற விஷயம்.

ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன் இதைப் பார்த்துவிட்டு ஏர்வாடியை நினைக்காமல் இருக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை. தர்காவைச் சுற்றி முளைத்திருந்த தனியார் காப்பகங்களில் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் கொடுமைக்காரக் குடும்பங்கள் அல்ல. கனவில் உத்தரவு வரும், குணமாகும் என்று நம்பி, இருந்ததை விற்றுக் கூட்டிவந்தவர்களும் அவர்களில் உண்டு. அந்த நம்பிக்கையை முதலாக்கிக் காசு பார்த்தவர்கள்தான் சங்கிலி போட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன. அதற்குப் பின் நடந்தது எனக்கு முக்கியம். வருகிறவர்களைத் தர்காவிலிருந்து விரட்டவில்லை. தவாவும் துஆவும், அதாவது மருந்தும் பிரார்த்தனையும், பக்கத்தில் பக்கத்தில் என்று ஏற்பாடு செய்து, மனநல மருத்துவரைத் தர்காவுக்கே வரவழைத்தார்கள். ஓதிய தண்ணீரைக் குடித்துவிட்டு மாத்திரையையும் போட்டுக்கொள்ளலாம். குறைகள் ஆயிரம் இருக்கலாம், நான் அதிகாரி அல்ல. ஆனாலும் ஃபிராங்க்ளினுக்கும் அந்தப் பெற்றோருக்கும் நடுவில் இப்படி ஒரு மூன்றாவது வழியைத் திரைக்கதை யோசிக்கவே இல்லை. கத்தியா, கடவுளா என்று இரண்டே கதவுகளை வைத்துவிட்டது.

ஸ்டார் ட்ரெக் வரிசையிலேயே வந்த டீப் ஸ்பேஸ் நைன் (1993 முதல் 1999 வரை) வேறு ஒரு வேலையைச் செய்தது. அங்கே தெய்வங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. பஜோர் மக்கள் வணங்கும் தீர்க்கதரிசிகள் ஒரு விண்புழுத்துளைக்குள், அதாவது விண்வெளியின் இரு தொலைதூர இடங்களை இணைக்கும் சுரங்கத்துக்குள் வாழும், காலத்துக்குக் கட்டுப்படாத உயிர்கள். முதல் பகுதியிலேயே தளபதி சிஸ்கோ அவர்களைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறார். சரி, கடவுள் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்ததா? அங்கேதான் தொடங்குகிறது. பள்ளிக்கூடத்தில் அவர்களைப் பற்றி அறிவியலாகப் பாடம் நடத்தக்கூடாது என்று வின் என்ற துறவி கொடி பிடிக்கிறார். பள்ளியில் குண்டு வெடிக்கிறது. கடைசியில் பார்த்தால் அத்தனை களேபரமும், தலைமைக் குரு பதவிக்குப் போட்டியாக இருந்த இன்னொரு துறவியை வெளியே இழுத்துவந்து கொல்வதற்காக.

இதைப் பார்த்தபோது எங்கள் கடலில் நடந்த சண்டைதான் ஞாபகத்துக்கு வந்தது. 2005 ஜூலையில் சேது சமுத்திரத் திட்டம் தொடங்கியது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் இருக்கிற மணல்திட்டுகளை விண்ணிலிருந்து எடுத்த படம் வீட்டுக்கு வீடு வந்தது. ஒருவர் அதையே ராமர் கட்டிய பாலத்துக்கு ஆதாரம் என்றார். இன்னொருவர் அதையே காட்டி வெறும் மணலும் சுண்ணாம்புக் கல்லும் என்றார். ராமர் இருந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை என்று 2007 செப்டம்பரில் தொல்லியல் துறை உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் திரும்பப் பெறப்பட்டது. தொலைக்காட்சியில் மதமா, அறிவியலா என்று இரவு பகலாக விவாதம். வாய்க்கால் தோண்டினால் வலையை எங்கே போடுவது, கலங்கிய தண்ணீரில் பவளப்பாறை என்னவாகும், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி மீன் தங்குமா என்று கேட்ட மீனவரை மைக்கின் பக்கத்தில்கூட விடவில்லை. பஜோர் கதையிலும் அப்படித்தான். அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வின் பாத்திரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆஸ்கார் பரிசு பெற்ற லூயிஸ் ஃபிளெட்சர் நடித்திருக்கிறார். "என் குழந்தாய்" என்று அவர் கொஞ்சும்போதெல்லாம் நமக்கு முதுகு சில்லிடும். பல ஆண்டுகள் கழித்து, இறுதிப் பருவத்தில், அந்தத் தெய்வங்கள் தன்னிடம் ஒருமுறைகூடப் பேசியதில்லை என்று வாய்விட்டுச் சொல்கிறார். வாழ்நாள் முழுவதும் சேவித்தவளை விட்டுவிட்டு, நேற்று வந்த அந்நியன் சிஸ்கோவிடம் பேசுகின்றன. மதத்தின் தலைமைப் பீடத்தில் இருப்பவளுக்கே தரிசனம் கிட்டாத இந்த நிலையை நம் பக்திப் படங்கள்கூடத் தொட்டதில்லை. அவள் மேல் இருந்த என் வெறுப்பு அந்த இடத்தில் சற்றே ஆட்டம் கண்டது, ஒழியவில்லை. எதிர்ப்பக்கம் பஜோர்ப் பெண் கீரா இருக்கிறாள். துப்பாக்கி ஏந்திப் போராடியவள். கோவிலுக்குப் போவாள், கும்பிடுவாள், திரும்பி வந்து வேலையைப் பார்ப்பாள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மிக அருகில் வருகிற பக்தை அவள்தான்.

பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவின் புதிய வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அதன் தொடக்க இசையில் காயத்ரி மந்திரம் வரும். முதல்முறை அது ஒலித்தபோது அம்மா அடுப்படியிலிருந்து, "எந்தக் கோவிலில் கும்பாபிஷேகம்?" என்று கேட்டார். எட்டிப் பார்த்தால் திரையில் இயந்திர மனிதர்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மனிதர்களுக்குப் பல தெய்வங்கள், இயந்திரங்களுக்கு ஒரே கடவுள் என்பது அபாரமான யோசனை. 2009-இல் கதையை முடிக்கத் தெரியாமல் எல்லா முடிச்சையும் கடவுள் தலையில் போட்டுவிட்டார்கள். அந்த முடிவைக் கொண்டாடுகிறவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

நடப்பு உலகம் இந்த விஷயத்தில் தொலைக்காட்சியைவிடக் கற்பனை வளம் மிக்கது. கேரளத்தின் தும்பாவில் மரிய மக்தலேனா தேவாலயத்தைத்தான் நம் முதல் ராக்கெட் கூடமாக ஆக்கினார்கள். 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவர் ராமேஸ்வரத்துப் பள்ளிவாசல் இமாமின் மகன். அவர் பெயரைச் சொல்லவேண்டியதில்லை. 2007 அக்டோபரில் மலேசியாவின் ஷேக் முஸாஃபர் ஷுகூர் ரமலான் மாதத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனார். ஒரு நாளில் 16 முறை சூரியன் உதிக்கும் இடத்தில் ஐந்து வேளைத் தொழுகை எப்படி? அந்நாட்டு மார்க்க அறிஞர்கள் உட்கார்ந்து யோசித்து வழிகாட்டி நூலே வெளியிட்டார்கள். கப்பல் கிளம்பிய ஊரின் நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம், மக்காவின் திசை தெரியாவிட்டால் முடிந்த பக்கம் திரும்பிக்கொள்ளலாம், நோன்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கீழக்கரையில் ஒரு காக்காவிடம் (அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்) இதைச் சொன்னேன். "கப்பலுக்குப் போன எங்கள் ஆட்கள் காலங்காலமாகச் செய்வதுதானே" என்று சொல்லிவிட்டுத் தேநீரை உறிஞ்சினார்.

நான் பார்க்க விரும்புகிற தொடர் இங்கிருந்து தொடங்கும். செவ்வாயில் குடியேற்றம். ஆக்சிஜன் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ஒரு கிழவர் இறந்துபோகிறார். மகன் திதி கொடுக்கவேண்டும். அக்னி தீர்த்தத்தில் ஆடி அமாவாசைக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன். செவ்வாய்க்கோ இரண்டு நிலாக்கள். அதில் போபோஸ் ஒரு நாளில் மூன்று முறை சுற்றிவிடுகிறது, நாளுக்கு மூன்று அமாவாசை. எந்த அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது? ராமேஸ்வரத்துப் பஞ்சாங்கம்தான் செல்லும் என்று ஒரு குருக்கள், இந்த மண்ணுக்கு இந்த நிலாதான் என்று இன்னொருவர். தண்ணீர்ப் பொறுப்பில் இருக்கும் பெண் பொறியாளர், இறைக்கிற தண்ணீரைத் திருப்பிப் பிடிக்கப் பாத்திரம் வைக்காவிட்டால் யாருக்கும் அனுமதி இல்லை என்கிறார். பாத்திரத்தில் பிடித்த தண்ணீர் மறுநாள் எல்லார் குழாயிலும் வருமே என்று பக்கத்து அறை பெந்தெகொஸ்தே குடும்பம் புகார் கொடுக்கிறது. முதல் இரண்டு பகுதிகளுக்கு இது தாங்கும். வேற்றுக்கோள்வாசி தேவைப்பட்டால் மூன்றாவது பகுதியில் பார்த்துக்கொள்ளலாம்.